கொடுபிதோன் யார்? – அரிட்டாபட்டிக் கல்வெட்டும் வட சிலாங்கூர்த் தமிழரும்

கல்வெட்டு என்ற சொல்லைக் கேட்டவுடன் தமிழர் உள்ளத்தில் முதலில் எழுவது பெருமிதம். பெருமிதம் கொள்வது குற்றமன்று. ஆயின், படித்து அறிய வேண்டிய இடத்தில் பெருமிதம் வந்து அமர்ந்துகொண்டால், கல் ஊமையாகிவிடும். 2024ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் தொடங்கி 2025 சனவரி வரை தமிழ் நாளேடுகளில் நாள்தோறும் அடிபட்ட ஊர்ப்பெயர் அரிட்டாபட்டி. மதுரை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் பெயர் கடல் கடந்து கோல சிலாங்கூரிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் உள்ள தமிழ் வாசகர் வரை எட்டியது. அவ்வூரைப் பற்றிய பேச்சில் பெரும்பகுதி, கல்வெட்டு எத்தனை நூற்றாண்டு பழையது என்பதைப் பற்றியதே. அக்கல் என்ன சொல்கிறது, யாரைச் சொல்கிறது, யாரைச் சொல்லாமல் விடுகிறது என்ற கேள்விகள் அரிதாகவே எழுந்தன. அவற்றை எழுப்பிப் பார்த்தால், மதுரைக் குன்றின் செய்தி வட சிலாங்கூர்த் தோட்டத் தமிழர்க்கும் உரியது என்பது விளங்கும்.

ஊரும் வழக்கும்

அரிட்டாபட்டி மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் உள்ளது. அவ்வூர்க் கழிஞ்சமலையில் சமண முனிவர் தங்கிய இயற்கைக் குகையும், அதன் முகப்பில் பழந்தமிழ் எழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. மலையின் வேறொரு பக்கத்தில் பாண்டியர் காலத்துச் சிவன் குடைவரை ஒன்றும், அதில் தமிழகத்தில் அரிதாகக் காணப்படும் இலகுலீசர் சிற்பமும் உள்ளன. பாறையில் புடைப்பாக வடித்த தீர்த்தங்கரர் உருவமும், அதன்கீழ் வட்டெழுத்துக் கல்வெட்டும் உண்டு. ஒரே மலையில் சமணமும் சைவமும் ஊர்த்தெய்வ வழிபாடும் அடுத்தடுத்து நிற்கின்றன.

2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு, அரிட்டாபட்டியிலும் அடுத்துள்ள மீனாட்சிபுரத்திலும் ஏறத்தாழ 193 எக்டேர் நிலத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அம்மாநிலத்தில் அவ்வாறு அறிவிக்கப்பட்ட முதல் இடம் அதுவே. இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 2024 நவம்பரில், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்ற பெயரில் ஏறத்தாழ 2,015 எக்டேர் பரப்பை இந்திய ஒன்றிய அரசு ஏலம் விட்டது. இந்துஸ்தான் சிங்க் நிறுவனம் ஏலத்தில் முன்னுரிமை பெற்றது. அப்பரப்பிற்குள் அரிட்டாபட்டியும் அடங்கியிருந்தது. ஊரார் எதிர்த்தனர். டிசம்பர் 9ஆம் நாள் தமிழ்நாடு சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரி 7ஆம் நாள் மேலூர் வட்டாரத்து மக்கள் மதுரை நோக்கிப் பேரணியாகச் சென்றனர். சனவரி 23ஆம் நாள் ஒன்றியச் சுரங்க அமைச்சகம் ஏலத்தை நீக்கியது.

வழக்கின் வரலாறு இவ்வளவே. எதிர்த்தோர் அனைவரும் கல்வெட்டைச் சான்றாகக் காட்டினர். அச்சான்று என்ன சொல்கிறது என்பது அடுத்துக் காணத்தக்கது.

கல் சொல்வது

குகையின் கல்வெட்டுகள் இரண்டு. இரண்டும் மிகச் சிறியவை. ஒன்று, நெல்வேலியைச் சேர்ந்த சிழிவன் அதினன் வெளியன் என்பான் குகையை அளித்த செய்தியைக் கூறுவது. மற்றொன்று, இலஞ்சி வேள் மாப்பரவன் மகன் எமயவன் என்பானது கொடையைக் கூறுவது. மன்னர் போர் வென்றதும், நாடு கொண்டதும், புகழ்மாலை சூடியதும் இவற்றில் இல்லை. ஊர், பெயர், கொடை என்ற மூன்றும் சொல்லிக் கல் முடிந்துவிடுகிறது.

இவற்றுள் இரு சொற்கள் தமிழாசிரியரின் கருத்தைக் கவர வேண்டியவை. ஒன்று, குகையைக் குறிக்கும் 'முழாகை'. சங்க நூல்களில் பயின்ற 'முழை' என்ற சொல்லின் உறவு இதில் தெளிவாகத் தெரிகிறது. வகுப்பறையில் அருஞ்சொற்பொருளாக மட்டும் மாணவர் அறியும் ஒரு சொல், ஒரு மலையில் ஒரு வாயிலின் மேல் எழுதப்பட்டுக் கிடக்கிறது.

மற்றொன்று 'கொடுபிதோன்'. அக்கால எழுத்துமுறையில் இரட்டை மெய்யை எழுதும் வழக்கம் நிலைபெறவில்லை. புள்ளியிடும் வழக்கமும் இல்லை. ஆதலின் இதனைக் 'கொடுப்பித்தோன்' என்று கொள்ளலாம். 'கொட்டுபித்தோன்', அதாவது உளியால் கொட்டிக் குடைவித்தோன் என்று கொள்ளவும் இடமுண்டு. அண்டையிலுள்ள மாங்குளத்துக் கல்வெட்டில் 'கொட்டுபித்த' என்ற வடிவமே வருகிறது. எவ்வாறு கொண்டாலும் ஒன்று மாறாது. இது பிறவினை. 'பி' என்னும் விகுதி, செய்தவன் வேறு, செய்வித்தவன் வேறு என்பதைச் சொல்லிவிடுகிறது. செய்வித்தவனுடைய பெயர் இரண்டாயிரம் ஆண்டுகள் நின்றது. பாறையில் உளி பிடித்தவனுடைய பெயர் அன்றே நின்றுவிட்டது.

தமிழ் இலக்கணத்தில் பிறவினையைப் பயிற்றுவிக்கும் ஆசிரியர், 'செய்தான், செய்வித்தான்' என்று எடுத்துக்காட்டுத் தந்து அடுத்த பாடத்திற்குப் போய்விடுகிறார். அந்த ஒரு விகுதிக்குள் தமிழ்ச் சமுதாயத்தின் வரலாறே அடங்கியிருக்கிறது என்பதை அரிட்டாபட்டிக் கல் எடுத்துக்காட்டுகிறது.

மிகையான உரிமைகள்

இக்கல்லின் மீது மூன்று வகை உரிமைக் குரல்கள் எழுகின்றன. மூன்றையும் நடுநிலையில் நின்று ஆராய்தல் வேண்டும்.

முதற்குரல் மொழித் தொன்மையைப் பற்றியது. எழுத்துகளைத் 'தமிழி' என்பதா, 'தமிழ்ப் பிராமி' என்பதா என்ற சொற்போர் ஓய்ந்தபாடில்லை. காலமும் வழக்கிலுள்ளது. மாங்குளக் கல்வெட்டுகளை ஐராவதம் மகாதேவன் கி.மு. 2ஆம் நூற்றாண்டினவாகக் கணித்தார். கீழடிப் பானை ஓடுகளின் எழுத்தைக் கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை கொண்டுசெல்லலாம் எனத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அறிஞர்கள் வாதிடட்டும். ஆயின் மேடைப் பேச்சாளர், தூய தமிழின் சான்று என்று இக்கல்வெட்டுகளை வருணிக்கும்பொழுது, கற்களே மறுக்கின்றன. மாங்குளக் கல்வெட்டுகளில் நெடுஞ்செழியனின் பெயரும் கடலன் வழுதியின் பெயரும் தமிழ் மணக்க நிற்கின்றன. அவற்றின் அருகிலேயே 'தம்மம்' என்ற பிராகிருதச் சொல்லும், வணிகர் குழுவைக் குறிக்கும் 'நிகமம்' என்ற சொல்லும் நிற்கின்றன. இவற்றின் மொழி தமிழே என்பதை 1924ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டியவர் கே. வி. சுப்பிரமணிய ஐயர். அவ்வாறு காட்டியபொழுது அவர் பிறமொழிச் சொற்களை மறைக்க வேண்டிய தேவை நேரவில்லை. பிறமொழிச் சொல்லைத் தன் எழுத்தில் எழுதி, தன் வேற்றுமை உருபோடு பொருத்தி ஆளும் மொழியே உயிருள்ள மொழி. அதனை மறைப்பது தமிழுக்குச் செய்யும் சிறப்பன்று.

இரண்டாம் குரல் சமயத்தைப் பற்றியது. குகைக் கொடை சமணர்க்குச் செய்தது. குடைவரை சிவனுக்குச் செய்தது. மலையைச் சுற்றி இன்று வழிபடுவோர் பெரும்பாலும் ஊர்த்தெய்வங்களை வணங்குவோர். இவருள் ஒருவர்க்கே மலை சொந்தம் என்பது மலையின் வரலாற்றையே மறுப்பதாகும்.

மூன்றாம் குரல் ஆட்சியாளருடையது, மூன்றிலும் நயமானது. கல்வெட்டும் பல்லுயிர்த் தலமும் உள்ள 193 எக்டேரை மட்டும் நீக்கிவிட்டு, எஞ்சிய நிலத்தில் சுரங்கம் தோண்டலாமா என்று ஆராயுமாறு 2024 டிசம்பரில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிடம் கேட்கப்பட்டது. கல்லுக்கு ஊறு இல்லையே, பின் என்ன குறை என்பது இதன் உட்பொருள். ஊரார் இதனை ஏற்கவில்லை. அவர் ஏற்காமைக்குரிய காரணத்தைக் கல்லே சொல்கிறது.

பாதிரிக்குடியார் இரட்சை

தீர்த்தங்கரர் உருவத்தின் கீழுள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு, மலையைத் திருப்பிணையன் மலை என்கிறது. அச்சணந்தி என்ற சமணத் துறவி அவ்வுருவத்தைச் செய்வித்தார் என்கிறது, இங்கும் பிறவினையே. இறுதியில், அத்திருமேனி பாதிரிக்குடியாருடைய 'இரட்சை' என்று கூறி முடிகிறது. பாதிரிக்குடி என்பது அவ்வூரின் பழைய பெயர். இரட்சை என்பது காவல்.

இச்சொல்லின் பொருட்டே இக்கல்வெட்டை ஒவ்வொரு தமிழ் வகுப்பிலும் படிக்கலாம். செய்வித்தவர் ஒரு துறவி. காக்கும் கடன் பெற்றவர் ஊரார். அவர் சமணராயிருந்தனரா, சைவராயிருந்தனரா என்று கல் கேட்கவில்லை. மலையடியில் வாழ்பவர் என்பதே அவருக்குரிய தகுதி. அரசனது படையையும் அதிகாரியையும் நம்பாமல், குடியிருப்போரை நம்பிக் கல் ஒப்படைக்கப்பட்டது.

குடியிருப்போர் இருக்க வேண்டுமானால் ஏரியில் நீர் வேண்டும். வயலில் விளைச்சல் வேண்டும். மலையில் விழும் மழை கண்மாய்க்கு வந்து சேர வேண்டும். தமிழ்நாடு அரசின் 2022ஆம் ஆண்டு அறிவிப்பு அம்மலைத்தொடரோடு சார்த்தி 72 ஏரிகளையும் 200 ஊற்றுகளையும் கணக்கிடுகிறது. ஏறத்தாழ 250 வகைப் பறவைகளையும் அது குறிப்பிடுகிறது. சுற்றியுள்ள 1,800 எக்டேரைத் தோண்டிவிட்டுக் கல்லை மட்டும் வேலியிட்டு நிறுத்தினால், காவலரை வெளியேற்றிவிட்டுக் காவற்பொருளை வைத்துக்கொள்வதாகும். பாதிரிக்குடியார் இல்லாத இடத்தில் 'பாதிரிக்குடியார் இரட்சை' என்ற எழுத்து வெறுங்கோடு.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். ஊரார் போராடியது வயலுக்காகவே, கல்வெட்டைப் பயன்படுத்திக்கொண்டனர், அவ்வளவே என்று சிலர் கூறுவர். வயலுக்காகப் போராடியது உண்மையே. ஆயின் வயலும் கல்லும் வெவ்வேறு என்று எண்ணுவது நகரத்தார் வழக்கம். 2011ஆம் ஆண்டளவில் அதே மலையில் கருங்கல் வெட்டும் முயற்சி வந்தபொழுது, ஊரார் எதிர்த்து நின்று தடுத்தனர். அன்று அவர் தடுத்திராவிடின், மேலூர் வட்டாரத்தில் வெட்டுண்டு போன பல குன்றுகளைப்போல் கழிஞ்சமலையும் போயிருக்கும். அறிஞர் படிக்கக் கல்வெட்டு எஞ்சியிராது. பிழைப்புக்காகக் காத்தாலும் காவல் காவலே.

இந்நாட்டுக் கற்கள்

காவல் இல்லாத கல்லுக்கு என்ன நேரும் என்பதற்கு மலேசியாவிலேயே சான்று உண்டு. கெடா மாநிலத்துப் பூஜாங் பள்ளத்தாக்கு, தென்கிழக்காசியக் கடல் வாணிகத்தின் தொன்மையான நிலங்களுள் ஒன்று. அங்கே சுங்கை பத்து தோட்டத்திலிருந்த 11ஆம் எண் கோயிலின் அடித்தளம், 2013ஆம் ஆண்டு நிலச் சீரமைப்புப் பணியில் இடித்துத் தள்ளப்பட்டது. அந்நிலம் தனியாருடையது, தொல்லிடமாகப் பதிவு பெறாதது. நூற்றாண்டுகள் நின்றதை இயந்திரம் சில பொழுதில் கலைத்தது. அங்கே 'இரட்சை' என்று பெயர் சொல்லி ஒப்படைக்கப்பட்ட ஊரார் எவருமில்லை.

மிகையான உரிமைக்கும் இந்நாட்டில் சான்று உண்டு. இன்றைய பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறையில், 1834ஆம் ஆண்டு சேம்சு லோ என்ற ஆங்கிலேயப் படைத்தலைவர் ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். அதனைப் பல்லவர் எழுத்து என்று கூறி, தமிழரின் தொன்மைக்குச் சான்றாக மேடைகளில் எடுத்தாளுவதுண்டு. எழுத்து தென்னாட்டு வகையினதே. காலம் 5ஆம் நூற்றாண்டு. ஆயின் மொழி வடமொழி. அதில் பெயர் கூறப்பட்டவன் இரத்தமிருத்திகையைச் சேர்ந்த மாநாவிகன் புத்தகுப்தன், பௌத்தன். இரத்தமிருத்திகை என்பது வங்காளத்து முர்சிதாபாத் மாவட்டத்து ஊர் என்பது இன்று பலரும் ஏற்கும் கருத்து. கல்லோ கல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எழுத்தின் வடிவைக் கொண்டு எழுதியவனின் குலத்தைத் தீர்மானிக்கலாகாது என்ற பாடத்தை இதனைவிடத் தெளிவாக வேறொரு கல் கற்பிக்காது. பிறருடைய கல்லைத் தன்னதென்பது, தன்னுடைய கல் எது என்று தேடாதவனுடைய வழக்கம்.

தென்னமரம்

அவ்வாறாயின் வட சிலாங்கூர்த் தமிழரின் கல் எது? கோல சிலாங்கூரில் பழங்கற்களுக்குப் பெயர்பெற்ற இடம் புக்கிட் மெலாவத்திக் குன்று. அது மலாய் அரசின் வரலாற்றிற்கு உரியது. 1784ஆம் ஆண்டு அக்கோட்டையைக் கைப்பற்றிய டச்சுக்காரர் தம் தலைமை ஆளுநரின் பெயரால் ஆல்ட்டிங்ஸ்பர்க் என்று பெயரிட்டனர். மறு ஆண்டே கோட்டை கைமாறியது. இட்ட பெயரும் மக்கள் நாவில் நிலைக்கவில்லை. குன்றின் பெயர் இன்றும் மெலாவத்தியே. பெயரைக் காப்பவர் குடியிருப்பவர் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

தமிழரின் அடையாளத்தைக் காண, குன்றைவிட்டு உள்நாட்டுத் தோட்டங்களுக்குப் போக வேண்டும். பெஸ்தாரி ஜெயா என்று இன்று வழங்கும் பத்தாங் பெர்ஜூந்தை வட்டாரத்தில் தென்னமரம் தோட்டம் உள்ளது. 1917ஆம் ஆண்டு இந்நாட்டில் வாணிகத்திற்காகச் செம்பனை முதன்முதல் நடப்பட்டது அங்கேதான். நட்டவர் யார் என்று கேட்டால், நூல்கள் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுத் துரையின் பெயரைச் சொல்லும். அவர் எழுத்தாளரும்கூட, மலாயாவைப் பற்றிய அவருடைய நாவல் 1930ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் கொன்கூர்ப் பரிசைப் பெற்றது. அவர் பெயர் நிலைத்தது தகுதியே.

ஆயின் இலக்கணம் அறிந்த தமிழாசிரியர் இங்கே ஒரு விகுதியைச் சேர்த்துப் படிக்க வேண்டும். அவர் நடுவித்தவர். காட்டை வெட்டி, வடிகால் தோண்டி, குழியெடுத்துக் கன்று நட்ட கைகள் வேறு. அக்கைகளுக்குரியவரின் பெயரைக் கற்றூண் எதுவும் சொல்லவில்லை. கழிஞ்சமலையில் உளி பிடித்தவனுக்கும் தென்னமரத்தில் மண்வெட்டி பிடித்தவனுக்கும் இடையே இரண்டாயிரம் ஆண்டு இருக்கலாம்; வரலாற்றில் இருவருக்கும் இடம் ஒன்றே.

எனினும் தோட்டத் தமிழன் ஓர் எழுத்தை விட்டுச் சென்றிருக்கிறான். தென்னமரம் என்ற பெயரே தமிழ்ச் சொல். துரைமாரின் வரைபடத்திலும், ஆங்கிலக் கணக்கேட்டிலும், மலாய்ப் பெயர்ப்பலகையிலும் அச்சொல் ஏறி நிற்கிறது. கல்லில் வெட்டாமல் நாவினால் வெட்டிய கல்வெட்டு அது. எவர் வெட்டுவித்தார் என்பது தெரியவில்லை. இம்முறை பிறவினை இல்லை, தன்வினை மட்டுமே உண்டு.

அப்பெயர்கள் நிலைக்கும் என்று எண்ணி வாளாவிருக்கலாகாது. வட சிலாங்கூரில் ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. செம்பனைத் தோட்டங்களுள் பல வீடமைப்புப் பகுதிகளாயின. மேரி, நைகல் கார்டனர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் என்ற ஐந்து தோட்டங்களின் மக்கள் வீட்டுரிமைக்காகப் பல்லாண்டுகள் போராட நேர்ந்தது. தலைமுறைகளாக அம்மண்ணில் உழைத்தோம் என்று கூறுவோரிடம் சான்று கேட்கப்படும் காலம் இது. அரிட்டாபட்டி ஊராருக்குச் சான்றாகக் கல் இருந்தது. தோட்டத்தாருக்கு என்ன இருக்கிறது?

தமிழாசிரியர் கடன்

இருப்பவை சில உண்டு, கேட்பாரற்றுக் கிடக்கின்றன. ஒவ்வொரு நாளும் பெரட்டில் பெயர் கூப்பிட்டு எழுதிய செக்ரோல் புத்தகங்கள் அவற்றுள் முதன்மையானவை. செய்வித்தவன் பெயரன்றிச் செய்தவன் பெயரை நாள்தோறும் எழுதிய ஏடு தமிழர் வரலாற்றில் அதைப்போல் வேறு அரிது; கூலிக் கணக்குக்காக எழுதப்பட்டாலும் பெயர் பெயரே. அடுத்தவை, தோட்டத்து மாரியம்மன் கோயில்களில் உபயக்காரர் பெயர் பொறித்த கற்பலகைகள். தோட்டப் பள்ளிகளின் அடிக்கல்லும் சேர்க்கைப் பதிவேடும். இடுகாட்டுக் கல்லறைகளில் ஊர்ப்பெயரோடு வெட்டிய எழுத்துகள். சேலம், திருச்சி, தஞ்சை, வட ஆர்க்காடு என்று புறப்பட்ட ஊரைச் சொல்லும் அவ்வெழுத்துகளுக்கும், நெல்வேலி என்றும் இலஞ்சி என்றும் ஊரைச் சொல்லும் அரிட்டாபட்டி எழுத்துகளுக்கும் அமைப்பில் வேற்றுமை இல்லை. ஊர், பெயர், கொடை என்ற மூன்றுமே இரண்டிலும் உள்ளவை.

கோயில் புதுப்பிக்கப்படும்பொழுது பழைய உபயப் பலகை பெயர்க்கப்பட்டு, பளிங்கு பதிக்கப்படுகிறது. தோட்டம் கைமாறும்பொழுது ஏடுகள் குப்பையோடு போகின்றன. இதனைச் செய்வோர் பகைவரல்லர். பெரும்பாலும் நன்கொடை திரட்டிக் கோயில் கட்டும் நல்லவர்களே. டங்ஸ்டன் சுரங்கத்தைக் கண்டு சினந்தவர், தம் ஊர்க் கோயிலில் பழைய பலகை பெயர்க்கப்படும்பொழுது அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால், அச்சினத்தின் மதிப்பு குறைந்துவிடுகிறது.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர், தம் மாணவரைக் கொண்டு ஒரு கோயிலின் பலகையையும் ஒரு கல்லறைத் திடலின் எழுத்துகளையும் பிழை திருத்தாமல், உள்ளது உள்ளவாறே படியெடுத்தால் போதும். எழுத்துப் பிழையைத் திருத்தலாகாது. 'கொடுபிதோன்' என்று இருந்தவாறே படித்ததனால்தான் பண்டைய எழுத்துமுறை அறிஞர்க்கு விளங்கிற்று. பெயரும் ஆண்டும் ஊரும் ஒரு குறிப்பேட்டில் ஏறட்டும். கல்வெட்டியல் என்பது கல்லூரியில் மட்டும் பயிலும் கலை என்ற எண்ணமும் அதனால் நீங்கும். மாணவர் தம் பாட்டன் பெயரைத் தாமே படிக்கும் நாளில், முழாகையும் முழையும் அவர்க்கு அந்நியமாயிரா.

அரிட்டாபட்டிக் கல்லின் பெருமை அதன் வயதில் அடங்கிவிடவில்லை. அதைவிட முதிய கற்கள் உலகில் பல உண்டு. ஓர் ஊராரின் காவலில் ஒப்படைக்கிறோம் என்று ஒருவர் எழுத, அவ்வூரார் ஆயிரம் ஆண்டு கழித்தும் அக்காவலை மேற்கொண்டு வீதியில் இறங்கினர். இதுவே அதன் பெருமை. வட சிலாங்கூரில் அத்தகைய கல் இல்லை என்று வருந்த வேண்டுவதில்லை. தென்னமரம் என்ற சொல் இருக்கிறது. செக்ரோலில் பெயர் இருக்கிறது. கல்லறையில் ஊர் இருக்கிறது. அவை எவருடைய இரட்சை என்ற இடம் மட்டும் எழுதப்படாமல் கிடக்கிறது. அவ்விடத்தை நிரப்புதல் தமிழாசிரியர் கடன்.